தாரின் இயல்பை அளந்தறிந்த வரலாறு

தார்ச்சாலை என்று மக்கள் வழங்கும் சாலையின் மேலடுக்கில், எடைக்கணக்கில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு ஜல்லியும் மணலும் கற்பொடியுமே ஆகும். எஞ்சிய 5 பங்களவில் இருக்கும் கரிய பிசினே அவற்றைப் பிணைத்து நிறுத்தி, மழைநீர் உள்ளிறங்காமல் தடுத்து, பாரம் ஏறும்போது சாலை நொறுங்கிவிடாமல் சற்றே வளைந்துகொடுக்க இடமளிக்கிறது. கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோலும் டீசலும் பிற எண்ணெய்களும் வடிந்து சென்றபின் அடியில் தங்கும் இப்பொருளைப் பொறியியலார் பிட்டுமின் என்பர். நிலக்கரியிலிருந்து பெறப்படும் தார் வேறொரு பொருள். அது சாலைப் பணியிலிருந்து பெரும்பாலும் நீங்கிவிட்டபோதிலும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டமையால், இக்கட்டுரையிலும் பிட்டுமின் தார் என்றே குறிக்கப்படுகிறது.

சாலைப்பரப்புப் பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சியின் வரலாற்றில் பெரும்பகுதி, இந்த 5 பங்கை எவ்வாறு அளப்பது என்ற கேள்வியைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது. கல்லின் வலிமையை நசுக்கிப் பார்த்து அறிந்துவிடலாம். தாரின் நடத்தையோ வெப்பத்தையும் நேரத்தையும் பொறுத்து மாறுவது. மெல்ல அழுத்தினால் ஒழுகுகிறது, சட்டென்று தாக்கினால் உடைகிறது. கோடை நண்பகலில் குழைகிறது, குளிரில் இறுகிப் பிளக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஆண்டுக்காண்டு கடினமாகி மூப்படைகிறது. ஒழுகும் திரவத்தின் பண்பும் மீண்டெழும் திண்மத்தின் பண்பும் ஒருங்கே அமைந்த இத்தகைய பொருளைப் பிசுக்குமீள்மைப் பொருள் என்பது இயற்பியல் வழக்கு. இப்பண்பை நேரடியாக அளக்கும் கருவிகள் சாலைத் துறைக்குள் வந்தது 20ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். அதுவரை அளப்பதற்கு எளிதாக இருந்தவையே அளக்கப்பட்டன. அவற்றை உண்மையான பண்புகளின் பதிலியாகக் கொண்டே உலகத்தின் சாலைகள் இடப்பட்டன.

தாருக்கு முந்தைய காலத்தில் இச்சிக்கல் எழவில்லை. 1816இல் பிரிஸ்டல் நகரச் சுங்கச்சாலைகளின் மேற்பார்வையாளரான ஜான் லவுடன் மெக்காடம், சிறு அளவில் ஒரே சீராக உடைத்த கற்களைப் பரப்பினால் அவை ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு தாமே உறுதிபெறும் என்று கண்டார். குதிரைவண்டிக்கு அம்முறை போதுமானதாக இருந்தது. மோட்டார் வண்டியின் ரப்பர்ச் சக்கரங்கள் கற்களுக்கிடையே இருந்த நுண்பொடியை உறிஞ்சியெடுத்துப் புழுதியாகப் பறக்கவிட்டபோது கல்லைப் பிணைக்க ஒரு பசை கட்டாயமாயிற்று. ஆயினும் நகரத் தெருக்களில் அப்பசையின் தேவை அதற்கும் முன்னரே உணரப்பட்டிருந்தது.

பெல்ஜியத்தில் பிறந்த வேதியியலாரான எட்மண்ட் டி ஸ்மெட், 1870இல் அமெரிக்காவின் நியூவார்க் நகரில் நகரமன்றத்தின் எதிரே தாரும் மணலும் கலந்த தளம் ஒன்றை இட்டார். 1876இல் வாஷிங்டனின் பென்சில்வேனியா அவென்யூவில் தளமிட்டபோது டிரினிடாட் தீவின் லா பிரேயா ஏரியிலிருந்து வெட்டியெடுத்த இயற்கைத் தார் பயன்பட்டது. ஏரியின் தார் மிகக் கெட்டியானது ஆதலால் அதனோடு எண்ணெய் கலந்து இளக்க வேண்டியிருந்தது. எவ்வளவு இளகினால் போதும் என்பதை அறியக் கருவி எதுவும் இல்லாத நிலையில், அனுபவமுள்ள பணியாளர்கள் ஒரு துண்டை வாயிலிட்டுக் கடித்துப் பார்த்தே பதம் சொன்னார்கள். சமையலில் பாகின் பதம் அறிபவருக்கு இருப்பது போன்ற கைத்திறமை அது. ஆனால் ஒருவருடைய பல் உணர்ந்ததை மற்றொருவருக்கு எழுதியனுப்ப இயலாது என்பதும், நூறு கல் தொலைவிலுள்ள வேறொரு நகரில் அதே பதத்தை மீண்டும் பெற வழியில்லை என்பதும் அதன் எல்லை.

அந்த எல்லையைத் தாண்டியவர் பார்பர் தார்த்தள நிறுவனத்தைச் சேர்ந்த எச்.சி. போவன். 1888இல் அவர் அமைத்த கருவியில், பாரம் ஏற்றிய ஊசி ஒன்று தாரின் மேல் விடப்பட்டு அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது அளக்கப்பட்டது. பின்னாளில் இது ஊடுருவல் சோதனை என்ற பெயரில் செம்மைப்படுத்தப்பட்டு, 25 டிகிரி செல்சியஸில், 100 கிராம் பாரத்தில், 5 விநாடிகளில் ஊசி இறங்கும் ஆழத்தை மில்லிமீட்டரின் பத்திலொரு பங்கால் குறிப்பது என்று வரையறுக்கப்பட்டது. தமிழ்நாட்டின் ஒப்பந்ததாரர்களும் மேற்பார்வையாளர்களும் நெடுங்காலம் சொல்லிவந்த ‘80/100 தார்’, ‘60/70 தார்’ என்னும் பெயர்கள் இந்த ஊசியின் ஆழத்தைக் குறிப்பவையே. தாருக்கு முதன்முதலாக ஓர் எண் கிடைத்ததும், வாங்குபவரும் விற்பவரும் ஒரே மொழியில் பேச முடிந்ததும் இந்தச் சோதனையால்தான்; அந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும் 25 டிகிரியில் ஒரே ஆழம் காட்டும் இரண்டு தார்கள், கோடைச் சாலை எட்டும் 60 டிகிரியில் முற்றிலும் வேறுவேறாக இளகக்கூடும். 1907ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் சுத்திகரிப்பு ஆலைத் தார் இயற்கைத் தாரை விஞ்சிய பின்னர், தாரின் குணம் அது பிறந்த கச்சா எண்ணெயைப் பொறுத்து மாறியபோது, இக்குறை மேலும் பெரிதாயிற்று.

தாரை அளப்பதற்கு அடுத்து எழுந்த கேள்வி, ஜல்லியோடு அதை எவ்வளவு கலப்பது என்பது. குறைந்தால் கற்கள் பெயரும், கூடினால் தளம் வெயிலில் வழுக்கிப் பிதுங்கும். கலிஃபோர்னியாவின் நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர் பிரான்சிஸ் ஹுவீம், கற்களின் மொத்தப் புறப்பரப்பைக் கணக்கிட்டு அதன்மேல் படியவேண்டிய மெல்லிய படலத்துக்கு ஏற்பத் தாரின் அளவை முடிவுசெய்யும் முறையை 1920களின் பிற்பகுதியில் தொடங்கி வளர்த்தார். 1939ஐ ஒட்டி மிசிசிப்பி நெடுஞ்சாலைத் துறையின் புரூஸ் மார்ஷல் உருவாக்கிய முறை அதைக் காட்டிலும் எளியது: 4 அங்குல விட்டமுள்ள அச்சில் கலவையை இட்டு, 10 பவுண்டு எடையுள்ள சம்மட்டியை 18 அங்குல உயரத்திலிருந்து குறிப்பிட்ட முறை விழச்செய்து இறுக்கி, 60 டிகிரி வெந்நீரில் ஊறவைத்து, பக்கவாட்டில் அழுத்தி உடையும் வரை பார்ப்பது. உடையும் பாரம் உறுதி எனவும், அதற்குள் ஏற்படும் நசிவு ஒழுக்கு எனவும் பெயர் பெற்றன. இரண்டாம் உலகப்போரில் விமானங்களின் எடை விரைந்து கூடியதால் ஓடுதளங்களுக்கு உறுதியான கலவை உடனடியாகத் தேவைப்பட, அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் 1943இல் விக்ஸ்பர்க் ஆய்வு நிலையத்தில் மார்ஷல் முறையை எடுத்து ஆராய்ந்து பரப்பினார்கள். போர்க்களத்தின் அருகே கொண்டுசெல்லத்தக்க சிறு கருவி என்பதே அதன் வெற்றிக்கு முதற்காரணம். இந்தியாவின் கலவை ஆலைகளில் இன்றும் கேட்பது அந்தச் சம்மட்டியின் ஓசைதான்.

இதுவரை சொல்லப்பட்டவை நெடுஞ்சாலைத் துறைகளிலும் நிறுவனங்களிலும் பிறந்தவை. வேலைத்தலத்தின் அவசரத்துக்கு விடையளித்தவை. பல்கலைக்கழகம் கொண்டுவந்த மாற்றம் வேறு வகையானது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் பர்மிஸ்டர் 1943இல், சாலையை ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த மீள்மை அடுக்குகளாகக் கருதி, மேலே விழும் சக்கரப் பாரத்தால் ஒவ்வோர் அடுக்கிலும் தோன்றும் தகைவையும் திரிபையும், அதாவது உள்விசையையும் நீட்சியையும், கணிதத்தால் பெறும் வழியைக் காட்டினார். முதலில் இரண்டு அடுக்குகளுக்கும் 1945இல் மூன்று அடுக்குகளுக்கும் அவர் தந்த தீர்வுகள் கையால் கணக்கிடுவதற்குக் கடினமானவை. கணிப்பொறி பரவும்வரை அவை பெரும்பாலும் ஆய்வேடுகளிலேயே கிடந்தன. ஆயினும் ‘இவ்வகை மண்ணுக்கு இத்தனை அங்குலம் தடிப்பு’ என்னும் அனுபவ அட்டவணைகளிலிருந்து ‘எந்த இடத்தில், எந்த விசையால் சாலை உடைகிறது’ என்னும் கேள்விக்குச் சிந்தனை நகர்ந்தது அங்கேதான்.

அக்கேள்விக்கு வேண்டிய சான்றுகளில் ஒரு பகுதி இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா ஊரருகே திரட்டப்பட்டது. 1958 அக்டோபர் முதல் 1960 நவம்பர் வரை, ஆறு வளையப் பாதைகளில் பலவகைத் தடிப்புகளோடு இடப்பட்ட நூற்றுக்கணக்கான சோதனைப் பகுதிகளின்மேல் படைவீரர்கள் லாரிகளை இரவுபகலாக ஓட்டி, 11 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை அச்சுப்பாரத்தை ஏற்றினார்கள். ஓர் அச்சின் பாரம் இரட்டித்தால் சாலைக்கு விளையும் சேதம் இரட்டிப்பதில்லை, ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது என்னும் நான்காம் அடுக்கு விதி அங்கிருந்துதான் பிறந்தது. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றும் ஒரு லாரி நூற்றுக்கணக்கான கார்களைவிடச் சாலையை அழிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது. இவ்விதி பொறியாளர்களுக்குத் தெரிந்த அளவு சட்டமியற்றுவோர் மனத்தில் பதியாமற்போனது வருந்தத்தக்கது.

1962இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் அமைந்த ஆன் ஆர்பரில் தார்த்தளங்களின் கட்டமைப்பு வடிவமைப்பு பற்றிய முதல் பன்னாட்டு மாநாடு கூடியபோது, கணிதவழி, சோதனைச்சாலைவழி, கள ஆய்வுவழி ஆகிய மூன்றும் ஒரே அரங்கில் சந்தித்தன. இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பெல், தார்க்கலவைத் துண்டுகளை மீண்டும் மீண்டும் வளைத்து, ஒரே பாரத்தில் உடையாத கலவை பல லட்சம் முறை சிறிதளவு நீளும்போது களைத்து வெடிப்பதை ஆராய்ந்து, இழுவைத் திரிபின் அளவே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்று நிறுவினார். பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கார்ல் மோனிஸ்மித் இதே களைப்புப் பண்பைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். இவ்விருவர் பணியால் மார்ஷல் சோதனையின் குறை தெளிவாயிற்று: ஒரே மூச்சில் அழுத்தி உடைப்பதால், ஆயிரக்கணக்கான நாள்களில் சிறுகச் சிறுகத் தேயும் ஒரு பொருளின் முடிவை முன்னறிய இயலாது.

1973இன் எண்ணெய் நெருக்கடி இப்பிரச்சினையைக் கல்விக்கூடத்துக்கு வெளியே கொண்டுவந்தது. சுத்திகரிப்பு ஆலைகள் புதிய நாடுகளின் கச்சா எண்ணெயைக் காய்ச்சத் தொடங்கியபின், விவரக்குறிப்பில் ஒன்றுபோல் தோன்றிய தார்கள் சாலையில் வெவ்வேறாக நடந்துகொண்டன. சில இடங்களில் புதுச் சாலைகளிலேயே சக்கரத்தடம் பள்ளமாயிற்று. 1987இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஐந்தாண்டுகளுக்கு 15 கோடி டாலர் ஒதுக்கி உத்திசார் நெடுஞ்சாலை ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கி, அதில் மூன்றிலொரு பங்கான 5 கோடியைத் தார் ஒன்றுக்கே ஒதுக்கியது. ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம், பெர்க்லி, வயோமிங்கின் லாரமியிலுள்ள மேற்கத்திய ஆராய்ச்சி நிலையம் ஆகியவை பணியைப் பகிர்ந்துகொண்டன. ஆய்வாளர் அனைவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவேண்டும் என்பதற்காகத் தார் மாதிரிகளும் கல் மாதிரிகளும் ஆஸ்டினில் பொதுவாகச் சேமித்து வைக்கப்பட்டு அங்கிருந்தே வழங்கப்பட்டன. சிறிய ஏற்பாடுபோல் தோன்றினும், முந்தைய ஆராய்ச்சிகளின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாமல் போனதற்குக் காரணமான குறையை நீக்கியது இதுதான்.

1993இல் முடிந்த அத்திட்டத்தின் விளைவு சூப்பர்பேவ் எனப்பட்டது. அதன் மையமாக விளங்கும் கருவி இயக்கநிலைச் சறுக்கு ரியோமானி. இரண்டு வட்டத் தட்டுகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவில் தாரை வைத்து, மேல்தட்டை முன்னும் பின்னுமாக விநாடிக்கு 10 ரேடியன் வேகத்தில், அதாவது நெடுஞ்சாலையில் விரையும் வண்டியின் சக்கரம் அழுத்தும் கால அளவுக்கு ஒப்பாக, முறுக்கும் கருவி அது. விசைக்கும் அசைவுக்கும் இடையே ஏற்படும் தாமதத்திலிருந்து, தார் எவ்வளவு பங்கு ஒழுகுகிறது, எவ்வளவு பங்கு மீள்கிறது என்று பிரித்தறியலாம். கலவை ஆலையின் சூட்டில் உண்டாகும் மூப்பைச் சுழலும் அடுப்பிலும், பல ஆண்டுச் சேவையில் உண்டாகும் மூப்பை உயர் அழுத்தக் காற்று நிறைந்த கலத்தில் 20 மணி நேரத்திலும் உண்டாக்கி, அதன்பின் சோதிப்பது இம்முறையின் மற்றொரு சிறப்பு. தாரின் பெயரே மாறியது: ஊசியின் ஆழத்துக்குப் பதிலாக, ‘64-22’ என்றால் 64 டிகிரி வெப்பம் வரையிலும் உறைநிலைக்குக் கீழே 22 டிகிரி குளிர் வரையிலும் தாக்குப்பிடிக்கும் தார் என்று பொருள். விற்பனைப் பண்டத்தின் பெயரில் அது இடப்படும் ஊரின் தட்பவெப்பம் முதன்முதலாக இடம்பெற்றது.

புதிய அளவைகளும் குறையற்றவை அல்ல என்பது விரைவில் தெரிந்தது. நெவாடாப் பல்கலைக்கழகமும் பங்குகொண்ட குழு வெஸ்டிராக் என்னும் வளையப் பாதையில் 1996 முதல் 1999 வரை ஓட்டுநரில்லா லாரிகளை ஓடவிட்டபோது, உறுதியானவை என்று எதிர்பார்க்கப்பட்ட பெருங்கல் மிகுந்த கலவைகளில் சில எதிர்பாராத வேகத்தில் பள்ளமாயின. ரப்பரைப் போன்ற பாலிமர் சேர்த்த தார்களின் மீள்திறனை ரியோமானியின் முதல் அளவுகோல் சரியாக எடைபோடவில்லை. பலமுறை அழுத்தி விட்டு மீட்சியைப் பார்க்கும் சோதனை பின்னர் அதற்கெனவே உருவாக்கப்பட்டது. தன் அளவுகோல் தவறும் இடத்தைத் தானே தேடிச்சென்று கண்டறிந்து வெளியிட்டதை இந்த ஆராய்ச்சி மரபின் தலையாய பெருமையாகக் கருதலாம்.

இந்தியாவில் ஜெயகர் குழுவின் 1928ஆம் ஆண்டு அறிக்கையும், 1934இல் தோன்றிய இந்தியச் சாலைப் பேரவையும், 1952இல் டெல்லியில் திறக்கப்பட்ட மத்திய சாலை ஆராய்ச்சி நிலையமும், 1957இல் சென்னை கிண்டியில் அமைந்த நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையமும் அடித்தளமிட்டன. எஸ்.கே. கன்னாவும் சி.இ.ஜி. ஜஸ்டோவும் எழுதிய நெடுஞ்சாலைப் பொறியியல் நூலைப் படிக்காமல் இந்நாட்டில் சிவில் பொறியாளர் ஆனவர் அரிது. ஆனால் பாடநூலில் இருந்த அறிவு விவரக்குறிப்பில் ஏறுவதற்கு நெடுங்காலம் பிடித்தது. பர்மிஸ்டர் காட்டிய அடுக்குக் கோட்பாட்டுவழி, கரக்பூர் ஐஐடியின் கணிப்பும் மென்பொருளும் துணைநிற்க இந்தியச் சாலைப் பேரவையின் 37ஆம் எண் வழிகாட்டிக்குள் நுழைந்தது 2001இல். இடைவெளி 58 ஆண்டுகள். ஊசியளவு தர வகைகளைக் கைவிட்டு, 60 டிகிரியில் தாரின் பாகுநிலையை அளந்து விஜி-10, விஜி-30 என வகுக்கும் முறை 2006இல்தான் வந்தது. 43 டிகிரி வெயிலில் தளம் 60ஐத் தாண்டும் நாட்டில், 25 டிகிரியில் ஊசி இறங்கிய ஆழத்தை நம்பி அதுவரை சாலை இட்டது பெரும் பொருளிழப்பு என்றே சொல்லவேண்டும்.

இப்பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதுதான் மதுரை திருப்பரங்குன்றத்திலுள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரியில் நடந்த பணியின் தனித்தன்மை விளங்கும். அங்கு வேதியியல் பேராசிரியராக இருந்த ஆர். வாசுதேவன், பயன்படுத்தி வீசிய பிளாஸ்டிக்கைச் சாலைக்கு எடுத்துக்கொண்டார். பிளாஸ்டிக்கைத் தாரிலேயே உருக்கிக் கலக்கும் ஈரமுறை அவருக்கு முன்பே அறியப்பட்டிருந்தது. ஆனால் அதற்கு நீண்டநேரக் கலக்கலும் தனிக்கலனும் வேண்டும், நின்றால் இரண்டும் பிரியவும் கூடும். அவர் வகுத்த உலர்முறையில், சுமார் 160 முதல் 170 டிகிரி வரை சூடேற்றிய ஜல்லியின்மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக் தூவப்படுகிறது. ஒரு நிமிடத்துக்குள் அது உருகிக் கல்லின்மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. அதன்பிறகே தார் சேர்க்கப்படுகிறது. தமிழ்நாட்டின் கருங்கல்லில் சிலிக்கா மிகுதி என்பதால் அதன் பரப்பு தாரைக்காட்டிலும் நீரை விரும்புவது. மழைக்காலத்தில் கல்லுக்கும் தாருக்கும் நடுவே நீர் புகுந்து பிரிப்பதால்தான் ஜல்லி பெயர்ந்து சாலை குண்டும் குழியுமாகிறது. பிளாஸ்டிக் படலம் அந்த இடைவெளியை அடைத்துவிடுகிறது. கலவை ஆலையில் புதிய இயந்திரம் எதுவும் தேவைப்படாததும், பாலித்தீன் பை, பாலிபுரொப்பிலீன் உறை போன்று வேறு விலை போகாத கழிவே மூலப்பொருளாக அமைந்ததும் இம்முறையை ஊராட்சிச் சாலை வரை எட்டச்செய்தன. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் நடத்திய துண்டாக்கும் கூடங்களிலிருந்து அதற்குப் பிளாஸ்டிக் வந்தது. சூடேறினால் நச்சுவாயு வெளிவிடும் பிவிசி மட்டும் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டது.

2002இல் கல்லூரி வளாகத்திலும் தொடர்ந்து தமிழ்நாட்டின் பல இடங்களிலும் சோதனைச் சாலைகள் இடப்பட்டன. 2006இல் காப்புரிமை கிடைத்தது. 2013இல் இந்தியச் சாலைப் பேரவை இதற்கெனத் தனி வழிகாட்டி வெளியிட்டு, தாரின் எடையில் 6 முதல் 8 விழுக்காடு வரை பிளாஸ்டிக் சேர்க்கலாம் என்றது. 2015 நவம்பரில், 5 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் இடப்படும் தார்ச்சாலைகளில் கழிவு பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துமாறு நடுவணரசு பணித்தது. 2018இல் வாசுதேவனுக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. பர்மிஸ்டரின் கோட்பாடு காத்திருந்த காலத்தோடு ஒப்பிட்டால், ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் பிறந்த கருத்து பதினொரு ஆண்டுகளில் தேசிய விவரக்குறிப்பானது வியக்கத்தக்க வேகம். அறிமுகமான கருவிகளையும் அறிமுகமான மார்ஷல் எண்களையும் கொண்டே அதை விளக்க முடிந்தமை அவ்வேகத்துக்குப் பெரிதும் உதவியிருக்க வேண்டும்.

ஆனால் உறுதி எண் உயர்வதாலேயே ஆயுளும் உயரும் என்று கொள்ள முடியாது என்பதை நாட்டிங்காமும் பெர்க்லியும் முன்னரே காட்டியுள்ளன. விறைப்புக் கூடிய கலவை வெயிலில் பள்ளமாகாமல் நிற்பது எளிது. மெல்லிய அடித்தளத்தின்மேல் இடப்பட்டால் அதே விறைப்பு களைப்பு வெடிப்பை விரைவுபடுத்தவும் கூடும் என்பதால், கிராமச் சாலைக்கும் பெருஞ்சாலைக்கும் ஒரே விழுக்காடு பொருந்துமா என்பது தனித்தனியே சோதிக்கவேண்டியது. பழைய தளத்தைச் சுரண்டியெடுத்து மறுபடி சூடேற்றிப் பயன்படுத்தும் முறை இந்தியாவிலும் பரவிவருகிறது. முதல் தலைமுறைப் பிளாஸ்டிக் சாலைகள் அந்தக் கட்டத்தை எட்டும்போது, படலம் பூசிய கல் இரண்டாம் முறை சூடேறினால் என்னவாகும் என்பதும், தேயும் பரப்பிலிருந்து நுண்துகள்கள் மழைநீரோடு கண்மாய்களுக்கு எவ்வளவு செல்லும் என்பதும் விடை வேண்டி நிற்கும் கேள்விகள். சம்மட்டியால் இறுக்கி வெந்நீரில் ஊறவைத்து உடைக்கும் சோதனை இவற்றில் எதற்கும் விடை தராது. அவற்றை அளக்கும் முறைகளை வகுப்பதற்கு, ஆஸ்டினில் செய்ததைப் போல் பொதுவான மாதிரிச் சேமிப்பும், இருபது ஆண்டு ஓடிய சாலைகளிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளும், ஓர் ஆராய்ச்சி நல்கையின் காலத்தைவிட நீண்ட கண்காணிப்பும் இந்நாட்டுச் சோதனைச்சாலைகளுக்கு வேண்டும்.